மலிவான டிக்கெட்டும் சுகமான பிரயாணமும்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆகாய விமானப் பிரயாணத்திற்குச் செலவிடும் பணத்திற்கும் இது பொருந்தும். ஆனால் எதைக் கொண்டு அளப்பது என்பதிலேதான் நம்மில் பலர் தடுமாறுகிறோம். டிக்கெட்டிலே கண்ட தொகை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டுவிடுகிறோம். வீட்டு வாசலைத் தாண்டியது முதல், போய்ச் சேர வேண்டிய ஊரிலே கை கால் கழுவி உட்காரும் வரையில் ஆகின்ற பணம், பொழுது, உடற்களைப்பு ஆகிய மூன்றையும் சேர்த்து அளந்தாலன்றோ உண்மையான விலை தெரியும்? நீண்ட தூர விமானத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த மூன்றையும் எப்படி அளப்பது என்பதை இன்று ஆராய்வோம்.

இந்தியாவின் முதல் ஐரோப்பிய விமானச் சேவை 1948ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் பம்பாயிலிருந்து தொடங்கிற்று. 'மலபார் பிரின்ஸஸ்' என்னும் ஏர் இந்தியா விமானம் கெய்ரோவிலும் ஜெனீவாவிலும் இறங்கி, லண்டன் போய்ச் சேர்ந்தது. அக்காலத்திலே அப்படிப் பிரயாணம் செய்யத்தக்கவர் மிகச் சிலரே. இன்று பெங்களூரிலே வேலை பார்க்கும் ஒரு நடுத்தரக் குடும்பம், இரண்டு மூன்று ஆண்டுகள் சேமித்த பணத்தைக் கொண்டு, இரண்டு வார விடுமுறையில் ஐரோப்பாவையோ ஆஸ்திரேலியாவையோ பார்த்து வர எண்ணுவது அரிய செயலன்று. ஆனால் அந்தச் சேமிப்பும் அந்த இரண்டு வாரமும் மறுபடி எளிதிலே கிடைக்கக்கூடியவை அல்ல. அதனால்தான் தேர்வு செவ்வையாக இருக்க வேண்டியிருக்கிறது.

பெங்களூர்வாசிகளுக்கு இதிலே ஒரு நற்பேறு உண்டு. நகரின் கிழக்கே, எச்.ஏ.எல். தொழிற்சாலையை ஒட்டி இருந்த பழைய நிலையத்திற்குப் பதிலாக, 2008ஆம் ஆண்டு மே மாதம் தேவனஹள்ளியிலே புதிய விமான நிலையம் திறக்கப்பெற்றது. கெம்பேகௌடாவின் பெயரைத் தாங்கிய அந்நிலையத்தில், 2023 செப்டம்பர் முதல் வெளிநாட்டு விமானங்கள் இரண்டாம் முனையத்திலிருந்து புறப்படுகின்றன. லண்டன், பிராங்க்பர்ட், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் ஆகிய நகரங்களுக்கு இங்கிருந்து நேர்வழி ஏற்பட்டது. 2021இல் டோக்கியோவுக்கும் 2022இல் சிட்னிக்கும் நேர்வழி தொடங்கிற்று. துபாய், தோஹா, அபுதாபி, சிங்கப்பூர், கோலாலம்பூர் முதலிய ஊர்களில் விமானம் மாறிப் போகும் வழிகளும் பல. 2021 ஜனவரியில் ஸான் பிரான்ஸிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு, கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே ஓட்டிவந்த விமானம், வடதுருவப் பாதையில் ஏறத்தாழ 17 மணி நேரம் இறங்காமல் பறந்து வந்தது. அந்தச் சேவை பிற்பாடு இடையிலே நின்றதும் உண்டு, மீண்டும் தொடங்கியதும் உண்டு. ஆதலால் சென்ற ஆண்டு உறவினர் போன வழி இந்த ஆண்டும் இருக்கும் என்று நம்பித் திட்டமிடலாகாது.

இனி, வழிகளை மூன்று வகையாகப் பிரித்துக் கொள்வோம். ஒன்று, இறங்காமல் செல்லும் நேர் விமானம். இரண்டு, ஒரே டிக்கெட்டில் இடையிலே ஓரிடத்தில் மாறிச் செல்லும் விமானம். மூன்று, மலிவை நாடித் தனித்தனியாக வாங்கிய இரண்டு டிக்கெட்டுகளை நாமே ஒட்டுப்போட்டுக் கொள்ளும் வழி.

ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணவன், மனைவி, பன்னிரண்டு வயதுப் பிள்ளை, அறுபத்தைந்து வயதுப் பாட்டி ஆகிய நால்வர் லண்டன் போய் வர வேண்டும். தலைக்கு நேர் விமானம் 72,000 ரூபாய், ஒரு முறை மாறிச் செல்வது 58,000 ரூபாய், இரண்டு தனி டிக்கெட்டுகள் 50,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். இவை கணக்கின் முறையைக் காட்டுவதற்கு நாம் எடுத்துக்கொண்ட எண்களே ஆகும். மூன்றாம் வழி இரண்டாவதைவிட நால்வருக்கும் சேர்த்து 32,000 ரூபாய் மலிவு. பார்த்தவுடன் ஆசை எழுவது இயல்பு. ஆனால் மலிவு டிக்கெட்டிலே பெட்டிக்குத் தனிக் கட்டணம் உண்டு. ஒருவருக்கு ஒருவழிக்கு 3,000 என்றால், போக வர நால்வருக்கும் 24,000 ஆகிறது. இடையிலே ஓர் இரவு தங்குவதற்கு இரண்டு அறைகளும் உணவுமாக 16,000 எனக் கொள்வோம். ஆக 40,000. மிச்சம் பிடித்ததாக எண்ணியது போய், 8,000 ரூபாய் நஷ்டமாகிறது. விடுமுறையிலே ஒரு நாளும் போயிற்று.

பணம் மட்டுமன்று, இந்த மூன்றாம் வழியிலே பெரிய ஆபத்து ஒன்றும் இருக்கிறது. முதல் விமானம் தாமதித்து இரண்டாவதைத் தவறவிட்டால், பொறுப்பேற்பார் எவருமில்லை. புதிய டிக்கெட்டை நம் கைப்பணத்திலேதான் வாங்க வேண்டும். பெட்டிகளை இடையிலே எடுத்து மறுபடி ஒப்படைக்க நேர்ந்தால் அந்த நாட்டுக்குள் நுழைய விசாவும் வேண்டியிருக்கலாம். ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்ப வேண்டியது கம்பெனியின் கடமை. இது எவ்வளவு முக்கியம் என்பதை 2025ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு மூடியது. ஜூன் 23ஆம் நாள் கத்தார் தன் வான்வழியைச் சில மணி நேரம் மூடவே, தோஹாவில் மாற வேண்டியவர்கள் பல இடங்களில் சிக்கிக்கொண்டார்கள். அத்தகைய வேளையிலே ஒரே டிக்கெட் கையில் உள்ளவனுக்குக் கேட்பதற்கு ஓர் இடமாவது இருக்கிறது.

அப்படியானால் முதல் வழிக்கும் இரண்டாம் வழிக்கும் இடையே எதைக் கொள்வது? நம் கணக்கின்படி நேர் விமானம் தலைக்கு 14,000 ரூபாய் அதிகம். இடையிலே மாறுவதால் ஒருவழிக்கு ஆறு மணி நேரம் கூடுதலாகும் எனில், போக வரப் பன்னிரண்டு மணி நேரம் ஆகிறது. இளைஞர் இருவர் மட்டும் போவதானால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்தி, லண்டனிலே இரண்டு நாள் கூடுதலாகத் தங்கலாம். முழங்கால் வலியுள்ள பாட்டியோ கைக்குழந்தையோ உடன் வருவதானால், நள்ளிரவிலே முன்பின் அறியாத நிலையத்தில் வாயில் தேடி நடக்கும் நடை அந்தப் பதினாலாயிரத்தைவிடப் பெரிய செலவாகும். குடும்பத்திலே வலிமை குறைந்தவர் எவரோ, அவரை வைத்தே வழியைத் தீர்மானிப்பது நலம்.

இடையிலே மாறுவதென்றால் காத்திருக்கும் நேரத்தையும் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் மிகக் குறைவு. முதல் விமானம் சிறிது தாமதித்தாலும் தவறிவிடும். எட்டு மணி நேரம் முதுகை முறிக்கும். இரண்டரை முதல் நான்கு மணி நேரம் வரை உள்ள இடைவேளை பெரும்பாலோருக்கு ஏற்றது. சில நாடுகளிலே விமானம் மாறுவதற்கே தனி அனுமதி கேட்பார்கள். இவ்விதிகள் அடிக்கடி மாறுவன. பணம் கட்டுவதற்கு முன்னரே அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பைப் படித்துவிட வேண்டும்.

கட்டணம் ஏன் நாளுக்கு ஒன்றாக இருக்கிறது என்ற கேள்வி பலருக்கும் உண்டு. ஒரே வகுப்பிலே உள்ள இருக்கைகளைக் கம்பெனிகள் பல விலைப் படிகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. மலிவான படி தீர்ந்ததும் அடுத்த படியின் விலை வருகிறது. ஒரே வரிசையிலே அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பவர் இருவர் வெவ்வேறு தொகை கொடுத்திருப்பதன் காரணம் இதுவே. நால்வருக்குச் சேர்த்துக் கேட்கும்போது கீழ்ப்படியில் இரண்டே இடங்கள் இருந்தால், நால்வருக்கும் மேற்படி விலையையே காட்டிவிடுவதும் உண்டு. எனவே ஒருவருக்கு என்ன விலை என்றும் தனியே கேட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

கோடை விடுமுறை, தசரா, கிறிஸ்துமஸ் ஆகிய காலங்களில் கூட்டமும் விலையும் ஏறும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டார் இதை முற்றிலும் தவிர்க்க முடியாது. ஆயினும் விடுமுறை தொடங்கும் சனி ஞாயிறைத் தவிர்த்து, செவ்வாய் புதன்களில் புறப்பட்டால் பலமுறை விலை குறைகிறது. இத்தகைய காலங்களுக்கு நான்கு ஐந்து மாதங்களுக்கு முன்பே பதிவு செய்வது நல்லது. கடைசி நாளிலே விலை விழும் என்று காத்திருப்பது குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஏற்ற சூதாட்டமன்று. போவது ஓர் ஊருக்கும் திரும்புவது வேறோர் ஊரிலிருந்தும் இருக்கலாம். பாரிஸில் இறங்கி ஆம்ஸ்டர்டாமில் ஏறினால், பார்த்த வழியே திரும்பும் ரயில் செலவு மிச்சம்.

வெளிமாநிலத்திலே வாழும் தமிழர்களுக்கு இந்த முறையிலே மற்றொரு பயனும் உண்டு. பெங்களூரிலிருந்து புறப்பட்டுச் சென்னைக்குத் திரும்பும்படி ஒரே டிக்கெட்டாக வாங்கினால், ஊரிலே உள்ள பெரியவர்களைப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் சென்னையிலே கட்டணம் சற்றுக் குறைவு என்பதற்காக மட்டும் பெங்களூரை விட்டுச் சென்னை போய்ப் புறப்படுவது நன்றாக யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். ரயிலிலே ஏறக்குறைய ஐந்து ஆறு மணி நேரம், நால்வருக்கு ரயில் கட்டணம், இரு ஊரிலும் டாக்ஸி, ஒருவேளை ஓர் இரவுத் தங்கல் இவை யாவும் அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். மாறாக, திருச்சிப் பக்கம் இருக்கும் பெற்றோர் நம்முடன் சிங்கப்பூர் வருவதானால், அவர்களைப் பெங்களூருக்கு அலைக்கழிக்க வேண்டியதில்லை. திருச்சியிலிருந்தே சிங்கப்பூருக்கு விமானம் இருக்கிறது. அங்கே சந்தித்துக் கொள்ளலாம்.

டிக்கெட் வாங்குகையில் நம்மவர்க்கே உரிய தொல்லை ஒன்று, பெயர். நமக்கு முதலெழுத்து உண்டு. குடும்பப் பெயர் இல்லை. பாஸ்போர்ட்டிலே பெயர் எவ்வாறு விரித்து எழுதப்பட்டிருக்கிறதோ, அவ்வாறே டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டம் வெற்றிடமாக உள்ளவர்கள் கம்பெனியைக் கேட்டறிந்து பதிவு செய்ய வேண்டும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ், ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டுடன் சுற்றுலாவாக வருவோரை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. தந்தை பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்கப்படும் என்று பின்னர் விளக்கமளித்தது. துபாயிலே இரண்டு நாள் தங்கிப் போக விரும்புவோர் இதை நினைவிற்கொள்க.

தேதியிலும் ஒரு கண் வேண்டும். ஐரோப்பா செல்லும் விமானங்கள் பல பெங்களூரிலிருந்து நள்ளிரவுக்குப் பின்னரே புறப்படுகின்றன. 15ஆம் தேதி அதிகாலை ஒன்றரை மணி என்று டிக்கெட்டிலே இருந்தால், 14ஆம் தேதி மாலையே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பது பொருள். தேவனஹள்ளி நகர நடுவிலிருந்து 35 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. மாலை நேரத்து நெரிசலைப் பெங்களூர்வாசிகளுக்குச் சொல்லவும் வேண்டுமோ!

இனி, விமானத்தின் உள்ளே இருக்கும் சௌகரியத்தைப் பார்ப்போம். சாதாரண வகுப்பிலே ஓர் இருக்கைக்கும் அதன் முன்னிருக்கைக்கும் இடையே பெரும்பாலும் 31 அல்லது 32 அங்குலம் இருக்கும். அதற்கு மேற்பட்ட 'பிரீமியம் எகானமி' வகுப்பில் ஏறத்தாழ 38 அங்குலம் கிடைக்கும். நெடிய மனிதருக்கு இந்த ஆறு அங்குலம் பெரிய வேறுபாடு. விமானத்தின் வகையையும் டிக்கெட் விவரத்திலே காணலாம். ஏர்பஸ் 330 விமானத்தில் வரிசைக்கு எட்டுப் பேர். ஜன்னலோரம் இரண்டிரண்டு இருக்கைகளாக இருப்பதால் தம்பதிகளுக்கு உகந்தது. போயிங் 787, ஏர்பஸ் 350 ஆகியவற்றில் பொதுவாக ஒன்பது பேர். போயிங் 777 விமானத்தில் ஒன்பது பேர் இருந்த இடத்திலே பல கம்பெனிகள் இன்று பத்துப் பேரை அமர்த்துகின்றன.

காற்றழுத்தமும் கவனிக்கத்தக்கது. பழைய வகை விமானங்களின் உள்ளே காற்று 8,000 அடி உயரத்து மலைக்காற்றின் அளவுக்கு மெலிந்திருக்கக் கூடும். அது உதகமண்டலத்திற்கு மேலே, தொட்டபெட்டாவுக்குச் சற்றுக் கீழே நிற்பது போலாம். போயிங் 787, ஏர்பஸ் 350 விமானங்களில் அது 6,000 அடி அளவிலே நிற்கும். அதாவது குன்னூரில் இருப்பது போன்றது. ஈரப்பதமும் சற்று மிகுதி. பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்கும் முதியவருக்கு இந்த வேறுபாடு களைப்பிலே தெரியும். இதய நோயோ மூச்சு நோயோ உள்ளவர்கள் டிக்கெட் வாங்குவதற்கு முன்னரே வைத்தியரைக் கலந்துகொள்ள வேண்டும்.

நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலிலே இரத்தம் உறையும் அபாயம் உண்டு. நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ இவ்வாறு பிரயாணம் செய்வோருக்கு இந்த அபாயம் ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆராய்ச்சி கூறிற்று. ஆயினும் அது ஏறத்தாழ ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு நேரக்கூடியதே. அஞ்ச வேண்டியதில்லை. மணிக்கொரு முறை எழுந்து நடப்பதும், உட்கார்ந்தபடியே கணுக்காலை மடக்கி நீட்டுவதும், போதிய தண்ணீர் குடிப்பதும் நலம். எழுந்து நடக்க வேண்டியவருக்கு நடைபாதை ஓர இருக்கையே உகந்தது. தூங்க விரும்புபவருக்கு ஜன்னலோரம். சக்கர நாற்காலி, குழந்தைத் தொட்டில், நம் முறைச் சைவ உணவு ஆகியவற்றைப் பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும். விமானத்தில் ஏறிய பின் கேட்டால் சைவ உணவு கிடைப்பது அரிது.

கடிகாரமும் உடம்பும் ஒத்துப்போகச் சில நாள் ஆகும். லண்டனுக்கும் நமக்கும் கோடையில் நான்கரை மணி நேர வித்தியாசம். சிட்னிக்கும் ஆண்டின் ஒரு பகுதியில் அதே நான்கரைதான். ஆயினும் மேற்கே போவதைவிடக் கிழக்கே போவதே உடம்புக்குக் கடினம். ஏனெனில், வழக்கத்தைவிட முன்னதாகத் தூங்கும்படி அது கேட்கிறது. ஆகவே கிழக்கே போகிறவர்கள் இறங்கிய அன்றே ஊர்சுற்றத் திட்டமிடாமல், முதல் நாளை ஓய்வுக்கென ஒதுக்குவது நன்று.

பெட்டி கட்டுவதிலே நம் வீட்டு வழக்கங்களுக்குச் சில எச்சரிக்கைகள். கைப்பெட்டியில் திரவப்பொருள் ஒவ்வொன்றும் 100 மில்லிலிட்டருக்கு மிகாத புட்டியில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஊறுகாயும் நெய்யும் இந்தக் கணக்கிலேயே சேரும். கொப்பரைத் தேங்காய் தானே சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருளாகக் கருதப்படுவதால் அதை விட்டுச் செல்வதே நல்லது. செல்பேசிக்கு மின்சாரம் ஏற்றும் பவர் பேங்க், பெரிய பெட்டியிலே கூடாது. கைப்பெட்டியிலேயே இருக்க வேண்டும். அன்றாட மருந்துகளும் வைத்தியர் சீட்டும் கையோடு இருக்கட்டும். ஆஸ்திரேலியா போகிறவர்கள் உணவுப்பொருள் எதுவாயினும் இறங்கியவுடன் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மறைத்தால் தண்டம் உண்டு.

பெட்டி காணாமற்போனாலோ சேதமானாலோ, நிலையத்தை விட்டு வெளியேறுமுன் அங்கேயே எழுதிக் கொடுத்து ரசீது பெற வேண்டும். இந்தியாவும் சேர்ந்துள்ள மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சேதத்திற்கு ஏழு நாட்களுக்குள்ளும், பெட்டி தாமதித்து வந்ததற்கு இருபத்தோரு நாட்களுக்குள்ளும் எழுத்து மூலம் முறையிட வேண்டும். பிரயாண இன்ஷூரன்ஸையும் வீண் செலவென்று எண்ணலாகாது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு விசா பெறுவதற்கே 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பு வேண்டும்.

இவ்வளவையும் மனத்திலே வைத்துக்கொள்வது கடினமாகத் தோன்றலாம். ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு வழிக்கும் ஒரு பத்தி கீறிக்கொள்வோம். டிக்கெட், பெட்டி, இருக்கை, உணவு, நிலையம் போய்வரும் வண்டி, இடைத் தங்கல் ஆகிய செலவுகளை வரிசையாக எழுதிக் கூட்டுவோம். அதன் கீழே, வாசல் முதல் வாசல் வரை எத்தனை மணி நேரம் என்று எழுதுவோம். கடைசியாக, நம் குடும்பத்தின் மூத்தவரும் இளையவரும் அந்த நேரத்தைத் தாங்குவார்களா என்று அவர்களையே கேட்போம். அரைமணி நேரத்து வேலை இது. பல ஆண்டுச் சேமிப்பைச் செலவிடுமுன் அந்த அரைமணியைச் செலவிடத் தயங்க வேண்டாம்.